மைக்கில் வந்த புயல்

எங்கள் குப்பத்தில் என் அம்மாவுக்குப் பெயர் சேட்லைட்டு. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு. அது இப்போது யாருக்கும் நினைவிருக்காது. அம்மா மீன் கூடையோடு தெருவில் இறங்கினால், "தோ, சேட்லைட்டு வர்து. மேல பாத்துக்கடா, எதுனா உழப்போவுது" என்று சொல்லிச் சிரிக்க ஓர் ஆள் எப்போதும் எங்கிருந்தாவது முளைத்துவிடுவார். அம்மா சேட்லைட்டு என்றால் நான் சேட்லைட்டு பொண்ணு. இந்தப் பெயரைக் கழற்றிப் போட நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கல்யாணமாகி மாதவரம் பக்கம் போன பிறகுதான் அது என்னை விட்டது.

ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் ரோட்டுக்கும் கடலுக்கும் இடையில் இருந்தது எங்கள் குப்பம். கடல் உள்ளே வராமலிருக்கக் கொட்டிய பாறைகளுக்கு நடுவே கொஞ்சம் மணல் மிச்சமிருக்கும். ஃபைபர் போட்டுகள் எல்லாம் அதில்தான் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கும். அப்பா இன்னொருவர் போட்டில் தொழிலுக்குப் போனார். அம்மா மீன் விற்றாள். நான் ராயபுரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் ஏழாவது படித்தேன். என் வகுப்பில் பாதிப்பேர் தெற்கிலிருந்து வந்து கடை வைத்திருப்பவர்களின் பெண்கள். அவர்கள் 'இருக்கிறது' என்பார்கள். நான் 'கீது' என்று வாய்தவறிச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்திலேயே பாதி நாள் பேசாமல் இருப்பேன்.

அந்த வருடம்தான் வானிலைக்காரர்கள் வந்தார்கள். வானிலை செயற்கைக்கோள் அனுப்பும் படங்களை வைத்து ஆராய்ச்சி செய்கிறவர்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி ஒரு மேடம். கண்ணாடி போட்டு, தோளில் பெரிய பை மாட்டி, மணலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். படம் எடுத்து ஆபீஸில் வைத்துக்கொண்டால் போதுமா, அது கரைக்கு வந்து சேரவேண்டாமா என்றார். ஆண்கள் கடலுக்குப் போய்விடுவார்கள், கரையில் இருப்பது பெண்கள்தான், அதனால் பயிற்சிக்குப் பெண்கள்தான் வேண்டும் என்றும் சொன்னார். கூட்டத்தில் எல்லோரும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள். என் அம்மா மட்டும் கை தூக்கினாள். ரேஷன் கடை வரிசையில் யாராவது முன்னால் நுழைந்தால்கூட வாய் திறக்காதவள் அவள்.

மாதா கோயில் ஹாலில் பயிற்சி நடந்தது. போய்வந்து அம்மா எனக்கே பாடம் நடத்த ஆரம்பித்தாள். "மேல ஒண்ணு குந்திகினே கீதுடி. பூமி சுத்துற சுத்துக்கு அதுவும் கூடவே சுத்துதாம். அத்தொட்டு நமக்கு அசையாத நிக்கிற மாரி. ராத்திரியில கூட மேகத்த பாக்குமாம்." எனக்கு அது அறிவியல் புத்தகத்தில் படமாக இருந்தது. ஆனால் அம்மா வாயால், மீன் வாசத்தோடு, கீது என்று கேட்டபோது ஏனோ கூச்சமாக இருந்தது.

பயிற்சி முடிந்ததும் ஒரு சான்றிதழும் ஆரஞ்சு நிறத் தொப்பியும் கொடுத்தார்கள். சான்றிதழ் மாதா படத்துக்குப் பின்னால் போனது. தொப்பியை அம்மா போட்டுக்கொண்டே திரிந்தாள். தொப்பி, அதன்மேல் சும்மாடு, அதன்மேல் மீன் கூடை. இந்தக் கோலத்தில் எங்கள் பள்ளிக்கூட வாசல் வழியாக ஒருநாள் போனாள். நான் குடிநீர்க் குழாய்ப் பக்கம் திரும்பி, தாகமே இல்லாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

தினமும் சாயங்காலம் அம்மாவின் போனுக்குச் செய்தி வரும். அவள் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். கோயில் மணிக்கூண்டுக்குக் கீழே ஒரு சின்ன அறையில் மைக் இருந்தது. அதன் சாவி அம்மாவிடம். மணி அடித்து முடிந்ததும் குழாய் ஸ்பீக்கரில் அவள் குரல் வரும். முதலில் செய்தியில் உள்ளபடி, "வங்கக்கடலின் தென்மேற்குப் பகுதிகளில் பலத்த காற்று" என்று திக்கித் திக்கி வாசிப்பாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதாவது இன்னான்னா, காத்து இன்னிக்கி கொஞ்சம் ஜாஸ்தி. சின்ன போட்டு வெச்சிகினு கீறவங்கோ ரொம்ப உள்ள போவாதீங்கோ. துண்ணுட்டு போங்கோ. குடிச்சிட்டு போவாதீங்கோ" என்பாள். கடைசி இரண்டும் செயற்கைக்கோள் சொன்னதில்லை. ஊரில் அதை ரசித்தார்கள். ஆண்கள் பீடியை அணைத்துவிட்டுக் கேட்பார்கள் என்று அப்பா பெருமையாகச் சொன்னார். எனக்கு மட்டும் அந்த ஸ்பீக்கர் கழன்று விழுந்தால் தேவலை என்றிருந்தது.

இந்த இடத்தில் என் மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மாவுக்கு ஒரே தம்பி. நான் தொட்டிலில் கிடந்தபோது ஒரு புயலில் போனவர். விடியற்காலையில் போட்டை இறக்கியிருக்கிறார். மதியத்துக்கு மேல்தான் காற்று திரும்பியதாம். உடல் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் அவருடைய போட்டோ மாட்டியிருந்தது. ஆனால் அதற்கு மாலை கிடையாது, சீரியல் பல்பு கிடையாது. கல்லறைத் திருநாளன்று ஊரே கல்லறைக்குப் போய் வெள்ளையடித்து, பூவைத்து, மெழுகுவத்தி ஏற்றும். அம்மா மட்டும் ஒரு மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய் மணலில் நட்டு, காற்று அணைக்க அணைக்க ஏற்றிக்கொண்டிருப்பாள். அம்மாவுக்குத் தம்பிமேல் அவ்வளவாகப் பிரியமில்லை, அதனால்தான் ஒரு மாலைகூட வாங்கிப் போடவில்லை என்று நான் நினைத்திருந்தேன். போட்டோவில் அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் அவ்வளவுதான்.

அந்த வருடக் கல்லறைத் திருநாள் முடிந்து சில நாட்கள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருவில் ஒரு பையனுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கும் விசேஷம். வாசலில் பந்தல் போட்டு பிரியாணி அண்டா ஏறியிருந்தது. நான் வாசற்படியில் குந்தி, அவர்களுக்காகப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே அம்மாவின் போன் 'டிங்' என்றது.

அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் எட்டிப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு பெரிய சக்கரம். நடுவில் ஓட்டை. அதன் விளிம்பு எங்கள் கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மேடம் அனுப்பியிருந்த படம் அது. அம்மா மணிக்கூண்டுப் பக்கம் செருப்பில்லாமல் ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கர் கரகரத்தது. வாசிப்பு இல்லை, செருமல் இல்லை.

"புயலு வர்துடா! வந்துருங்கடா! எங்க கீறீங்களோ அப்டியே வுட்டுட்டு வந்துருங்கடா! ராஜா, கண்ணு, வலைய அறுத்துவுட்டாவது வந்துருங்கடா! வந்துருங்கடா..."

அழுதாள். குழாய் ஸ்பீக்கரில், ஊர் முழுக்கக் கேட்க, ஏங்கி ஏங்கி அழுதாள். கடலில் இருப்பவர்களுக்கு ஸ்பீக்கர் கேட்காது என்பது அவளுக்கும் தெரியும். கரையில் இருந்தவர்கள்தான் போனில் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது. இருந்த ஆண்களெல்லாம் 'ஏலேலோ' சொல்லி, போட்டுகளை ரோட்டு ஓரம்வரை இழுத்தார்கள். ஒரு கிழவி டிவியைத் தலையில் வைத்துக்கொண்டு கார்ப்பரேஷன் பள்ளிக்கூடக் கட்டிடத்துக்கு நடந்தாள். யாரோ கோழிகளைப் பிரஷர் குக்கர் அட்டைப்பெட்டியில் அடைத்தார்கள். புதுநன்மைப் பந்தலைப் பிரித்தார்கள். வெள்ளைக் கோட்டும் டையுமாகப் பையன் அழுதான். வேகாத பிரியாணி அண்டாவை நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடலில் இருந்த போட்டுகள் ஒவ்வொன்றாகக் கரையேறின. அப்பா இருந்த போட்டும் வந்தது. அவர்கள் வலையை அறுத்துவிட்டு வந்திருந்தார்கள்.

எல்லோரும் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தோம். அது கழுவிக் கவிழ்த்த தட்டுபோல இருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு இலை ஆடவில்லை.

மீனவர் சங்கத் தலைவர்தான் அம்மா கையிலிருந்து போனை வாங்கிப் பார்த்தார். படத்தைக் கொஞ்சம் மேலே தள்ளினார். அதன் கீழே எழுத்து இருந்தது. உரக்கப் படித்தார்.

"இது பழைய புயலின் படம். பயிற்சிக்காக. புயலின் கண் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து எழுதுங்கள்."

யாரோ, "அட, வூட்டுப்பாடம்பா!" என்றார். அப்புறம் எழுந்த சிரிப்பு எண்ணூர் வரைக்கும் கேட்டிருக்கும். புதுநன்மைப் பையனின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "எம்புள்ள விசேஷத்த நாசம் பண்ணிட்டியே, நீ நல்லா இருப்பியா?" என்று மண்ணைத் தூற்றினாள்.

அம்மா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்று இரவு அப்பா சத்தம் போடவில்லை. சோற்றைப் பிசைந்தபடி, "அறுத்த வலைய போயி யார கேக்கறது? சேட்லைட்டயா?" என்றார். அந்தப் பெயர் முதலில் எங்கள் வீட்டில்தான் பிறந்தது. சுவர்களுக்குக் காது இருந்ததோ என்னவோ, காலையில் தெரு முழுக்க அதுதான்.

பள்ளிக்கூடத்தில் வேறு விதம். எங்கள் தெருவிலிருந்து போகும் ஒருத்தி எல்லாவற்றையும் நடித்துக் காட்டியிருக்கிறாள். நான் வகுப்பில் நுழைந்ததும் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "வந்துருங்கடா!" சாப்பாட்டு மணி அடித்தால், "ராஜா, கண்ணு, வந்துருங்கடா!" டீச்சர்கூட கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார், தோள் குலுங்குவதை வைத்துக் கண்டுபிடித்தேன். அழுததைத்தான் அவர்கள் அதிகம் நடித்தார்கள். அதுவும் சரியாகவே நடித்தார்கள்.

சங்கத்தில் கூடிப் பேசினார்கள். மைக் சாவியை அம்மா திருப்பித் தரவேண்டும் என்றார்கள். எதற்கும் எதிர்த்துப் பேசாத அம்மா, "சாவிய தரமாட்டேன்" என்றாள். "நான் எதுனா தப்பா சொன்னா திட்டுங்க, அடிங்க. மைக்க மட்டும் கேக்காதீங்க." அதைக் கேட்டு அப்பாவே திகைத்துவிட்டார். "இன்னாமே இது, ஊரே காறித் துப்புது, மைக்கு மைக்குன்ற" என்றார். அடுத்த மாதம் வானிலைக்காரர்கள் பொதுமக்களுக்காக நிகழ்ச்சி நடத்த வருகிறார்கள், மேடம் முன்னால் முடிவு செய்வோம் என்று தள்ளிவைத்தார்கள்.

நான் செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். காணாமல் போனதை எல்லாம் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர். நான் கேட்டது வேறு: எங்கம்மா கையிலிருந்து அந்த மைக்கைப் பிடுங்கிவிடு.

நிகழ்ச்சியன்று கோயில் ஹால் நிரம்பி வழிந்தது. காற்றடைத்த பெரிய பூமி உருண்டை ஒன்றைக் கூரையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பிள்ளைகள் அட்டையில் செயற்கைக்கோள் செய்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்தும் பெண்களை வரிசையாகக் கூட்டிவந்து முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். நான் அவர்களோடும் உட்காராமல் அம்மாவோடும் உட்காராமல் தூண் ஓரமாக நின்றேன்.

மேடம் திரையில் மேகப் படங்களைக் காட்டி விளக்கினார். கேள்வி கேட்கச் சொன்னதும் பெண்கள் பக்கம் கலகலத்தது.

"மேடம்மா, மேலேந்து அல்லாத்தையும் பாக்குதே, எங்க வூட்டுக்காரு எந்தக் கடையில குடிச்சிகினு கீறார்னு காட்டுமா?"

"அதுக்கு இன்னாத்துக்குடி சேட்லைட்டு? நாத்தம் புடிச்சிகினே போவலாமே!"

மேடமும் சிரித்துவிட்டார். "அவ்வளவு கிட்டக்கத் தெரியாதும்மா. ரொம்ப ரொம்ப உயரத்துல இருக்கு. நாங்க மேகத்துக்குப் பாக்குற படத்துல ஒரு சின்ன புள்ளி இருக்குல்ல, அந்த ஒரு புள்ளிக்குள்ள உங்க குப்பம் முழுசும் அடங்கிடும். நீங்க, நான், இந்தக் கோயில், கரையில நிக்கிற போட்டு எல்லாமே அதுக்குள்ளதான் இருக்கோம். தனியாத் தெரியமாட்டோம், அவ்வளவுதான்."

பிறகு சங்கத் தலைவர் எழுந்து விஷயத்தை ஆரம்பித்தார். எல்லாத் தலைகளும் அம்மா பக்கம் திரும்பின. என் வகுப்புப் பெண்கள் என்னைத் தேடி, தூண் பக்கம் கண்டுபிடித்தார்கள்.

"அந்தத் தப்பு என்னோடதுங்க" என்றார் மேடம். "பழைய படம்னு படத்து மேலேயே பெருசா எழுதியிருக்கணும். கீழ எழுதினது என் தப்பு. அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க."

"அது சரி மேடம்" என்றார் தலைவர். "ஆனா நாளைக்கி நெசமாவே புயலு வந்து, இந்தம்மா மைக்குல சொல்லிச்சின்னா எவன் நம்புவான்? சிரிச்சிகினே கடலுக்கு போவான்."

மேடம், பழைய படத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று காட்டுகிறேன் என்று சொல்லி, அந்த வெள்ளைச் சக்கரத்தைத் திரையில் போட்டார். மூலையில் தேதி இருக்கிறது பாருங்கள் என்றார். "இது பல வருஷத்துக்கு முன்னாடி, தீபாவளிக்கு முந்தி வந்து கரையைக் கடந்த புயல். உங்களுக்கே ஞாபகம் இருக்கும்."

வயதானவர்கள் சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா எழுந்தாள். ஆட்களைத் தாண்டித் தாண்டித் திரைக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். திரையில் இருந்த புயல் அவள் முதுகில் விழுந்தது. நைந்த புடவையில், கொண்டையில், கழுத்தில் வெள்ளைச் சக்கரம். முந்தானையில் ஒட்டியிருந்த மீன் செதில்கள் அந்த வெளிச்சத்தில் மின்னின.

"இந்தாம்மே, மறைக்குது, குந்து!"

"அது புயல புடிக்கப் போவுது, வுடுங்கப்பா!"

முன்வரிசையிலிருந்து, என் வகுப்புக் குரல் ஒன்று, மெதுவாக, சரியான ராகத்தில்: "வந்துருங்கடா..."

ஹால் சிரித்தது. நான் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டேன்.

அம்மா திரும்பவில்லை. "மேடம்மா, இது எந்த நேரத்துல எடுத்த படம்?"

மேடம் குனிந்து பார்த்தார். "காலையிலக்கா."

"காலைலயா? மதியமில்லியே?"

"இல்லக்கா. காலையில."

"நம்ம கரை எது?"

மேடம் காட்டினார். அம்மா அங்கே விரலை வைத்து, கொஞ்சம் கடல் பக்கம் நகர்த்தி, நிறுத்தினாள். நேரத்தைக் கேட்டு அவள் மேடத்தோடு வழக்கடிக்கிறாள், தன் தப்பை யார் தலையிலாவது கட்டப் பார்க்கிறாள் என்று நான் நினைத்தேன். அவள் ஏதோ சொல்ல, மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டிவிட்டாள்போல என்று எனக்கு இன்னும் அவமானமாகிவிட்டது.

இதற்கிடையே பின்னால் பேச்சு முடிந்திருந்தது. தலைவரின் மச்சான் ப்ளஸ் டூ படித்தவர். இனி மைக் அவரிடம். சாவியைக் கேட்டார்கள். சண்டை போடப்போகிறாள் என்று எல்லோரும் காத்திருந்தோம். அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, யார் கை என்றுகூடப் பார்க்காமல் நீட்டினாள். கண் திரையிலேயே இருந்தது. கடைசியில் அவள் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் படத்த இன்னொரு வாட்டி அனுப்பும்மா. எழுத்து இல்லாத."

அந்தோணியார் என் வேண்டுதலைக் கேட்டுவிட்டார். அன்று ராத்திரி நான் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

அடுத்த இரண்டு வருடத்தில் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். அதற்குக் காரணங்கள் பல, "வந்துருங்கடா"வும் ஒன்று. இப்போது என் வீட்டுக்காரர் துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறார். மழை நாளில் அவர் வண்டி எடுத்துவிட்டால் போனில் மேகப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். மணிக்கு நாலு தடவை கூப்பிடுவேன். "இன்னாடி, புயலு கிளம்பிடிச்சா?" என்று அவர் சிரிப்பார். கேஸை மூடினேனா, பிள்ளைக்கு இருமல் கூடுமா, பாலத்தில் தண்ணீர் நிற்குமா என்று எல்லாவற்றுக்கும் பயப்படும் ஆள் நான். சிரிக்கட்டும். ஒரு நாளும் கூப்பிடாமல் இருந்ததில்லை.

அன்று நிகழ்ச்சி முடிந்ததும் மேடம் எழுத்தில்லாமல் அனுப்பிய அந்தப் படத்தை அம்மா தன் போனில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் வேளாங்கண்ணி மாதாவை வைத்திருந்தார்கள், பிள்ளைகளை வைத்திருந்தார்கள். அம்மா போன் அடித்தால் அந்த வெள்ளைச் சக்கரம்தான் முழிக்கும். மீன் வாங்க வருகிறவர்களெல்லாம் பார்த்துவிட்டு, "இன்னும் வூட்டுப்பாடம் முடிலயா?" என்பார்கள். எனக்கு உயிர் போகும்.

ஒரு சாயங்காலம், ஸ்பீக்கரில் தலைவரின் மச்சான் சுத்தத் தமிழில் வாசித்துக்கொண்டிருந்தபோது, நான் பொறுக்கமுடியாமல் கத்திவிட்டேன். "உனுக்கு வேற படமே கெடைக்கலியா? என் படம் இல்ல? இதால ஊரே சிரிக்குதுல்ல? எடுத்துத் தொலயேன்!"

அம்மா கோபப்படவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். கரைக்குப் பக்கத்தில், கொஞ்சம் கடல் தள்ளி, ஒரு இடத்தில் விரல் நகத்தை வைத்தாள்.

"மேடம் சொல்லிச்சில்ல, ஒரு புள்ளிக்குள்ள அல்லாரும் அடங்கிடுவோம்னு. தோ, இங்க உங்க மாமன் கீறான்டி. காலைல எடுத்த படம் இது. மதியம் ஆவல இன்னும்."

நான் போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு விரலால் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். வெள்ளையாக இருந்தது. மேலும் பெரிதாக்கியபோது வெள்ளைக் கட்டம் கட்டமாக ஆனது.

"யாருமே இல்லியேம்மா" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.